எக்ஸெல் பாடம்: நட்சத்திர வீரரை வாங்கலாமா, இளம் வீரரை வைத்துக்கொள்ளலாமா?

எக்ஸெல் என்றாலே மார்க் ஷீட்டும் மாதச் செலவுக் கணக்கும்தான் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். கூட்டல், சராசரி, கொஞ்சம் கலர் அடித்து ஒரு சார்ட். அதோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் இரண்டு வழிகளில் எதில் போவது என்று முடிவெடுக்கவும் எக்ஸெல் நன்றாக உதவும். தப்பாகப் பயன்படுத்தினால் தப்பான முடிவை மிக அழகாக, கட்டம் போட்டும் காட்டும். இந்த இரண்டாவது விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. அதைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அக்கா மகனுக்கு அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து என்றால் உயிர். அங்கே இரவு நடக்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலையிலும் காலையிலும் வரும். அதைப் பார்ப்பதற்காகவே அலாரம் வைத்து எழுவான். 2019 ஜூலையில் ஒரு நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, கிளிப்பர்ஸ் செஞ்சது சரியா தப்பா? எக்ஸெல்ல போட்டுச் சொல்லுங்க" என்றான். அன்று நான் போட்டுக் கொடுத்த ஒர்க்‌ஷீட் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் விடை சந்தேகமே இல்லாமல் வந்தது. ஆறு வருடம் கழித்து அதைத் திறந்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு தப்பான ஷீட் என்று புரிந்தது.

நடந்தது என்ன?

கூடைப்பந்து தெரியாத வாசகர்களுக்காக முதலில் இரண்டு வரி. என்பிஏவில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் சீசனுக்கு 82 ஆட்டங்கள். அதன்பின் பிளேஆப் சுற்றுகள், கடைசியில் ஒரே ஒரு அணிக்குக் கோப்பை. ஆண்டுதோறும் புதுமுகங்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். இதற்கு டிராப்ட் என்று பெயர். தோற்ற அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும். இந்தத் தேர்வு உரிமையைத்தான் பிக் என்பார்கள். வரும் ஆண்டுகளின் பிக்கைக்கூட இன்றே இன்னொரு அணிக்குக் கொடுத்து வீரரை வாங்கலாம்.

2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணி, ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணியிடமிருந்து பால் ஜார்ஜை வாங்கியது. அவருக்கு அப்போது வயது 29. முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 28 புள்ளி எடுத்து, சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி ஓட்டெடுப்பில் மூன்றாவதாக வந்தவர். அவர் வந்தால்தான் கவாய் லெனார்ட்டும் கிளிப்பர்ஸுக்கு வருவார் என்பது அன்று பரவலாக வந்த செய்தி. லெனார்ட் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் டொரான்டோவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். ஆக ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

விலை என்ன? ஷேய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளம் வீரர். 21 வயது முடிய இன்னும் சில நாட்கள் பாக்கி. முதல் சீசனில் சராசரி 10.8 புள்ளிதான் எடுத்திருந்தார். அவரோடு டேனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்று பிக்குகள், இன்னும் இரண்டு ஆண்டுகளில் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை. ஐந்து பிக்குகளில் மூன்று கிளிப்பர்ஸின் சொந்த பிக் (2022, 2024, 2026), இரண்டு மயாமி அணியுடையவை.

என் பழைய ஷீட்

எக்ஸெல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதில் வேண்டுமானாலும் நீங்கள் கூடவே செய்து பார்க்கலாம். பார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும்.

ஏ2 செல்லில் தொடங்கி 1 முதல் 5 வரை வருட எண்களை டைப் செய்யவும். பி காலத்தில், ஜார்ஜை வாங்கினால் எத்தனை ஆட்டம் ஜெயிப்பார்கள் என்ற நம் மதிப்பீடு. நான் 60, 60, 55, 50, 45 என்று போட்டேன். இருவருக்கும் வயது ஏறும் அல்லவா, அதனால் இறங்குமுகம். டி காலத்தில், வாங்காமல் ஷேயை வைத்துக்கொண்டால் எத்தனை என்பது. அதற்கு 44, 45, 47, 48, 49 என்று போட்டேன். முந்தைய சீசனில் கிளிப்பர்ஸ் ஜெயித்தது 48. சில பழைய ஆட்டக்காரர்கள் போவார்கள், ஷேய் மெல்ல வளர்வார் என்று ஒரு கணக்கு.

ஆனால் ரசிகனுக்கு வேண்டியது வெற்றி எண்ணிக்கை இல்லை, கோப்பை. எனவே எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு சிறு டேபிள் வேண்டும். எச்2 முதல் எச்7 வரை 0, 45, 50, 55, 60, 65 என்று கொடுக்கவும். பக்கத்தில் ஐ2 முதல் ஐ7 வரை 0%, 1%, 3%, 9%, 20%, 35% என்று கொடுக்கவும். இந்தச் சதவீதங்கள் எல்லாம் என் குத்துமதிப்புதான், எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. விதிவிலக்குகளும் உண்டு. 1995ல் ஹூஸ்டன் அணி 47 ஆட்டம் மட்டும் ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. 2016ல் கோல்டன் ஸ்டேட் அணி 73 ஜெயித்தும் இறுதியில் தோற்றது. ஆனாலும் டேபிளின் வடிவம் சரி என்றே நினைக்கிறேன். கீழே தட்டையாகக் கிடந்து, 55ஐத் தாண்டியதும் சட்டென்று மேலே ஏறும். இந்த வளைவை மறக்க வேண்டாம். பாடம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இப்போது சி2 செல்லில்

=விலுக்அப்(பி2,$எச்$2:$ஐ$7,2)

என்று கொடுத்து என்டர் தட்டவும். டேபிளில் 57 என்ற எண் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. நான்காவது ஆர்க்யுமென்ட் கொடுக்காததால், அதற்குக் கீழே உள்ள 55ன் வரியை எக்ஸெல் எடுத்துக்கொள்ளும். டேபிள் மட்டும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக இருக்க வேண்டும். டாலர் குறி போடாமல் கீழே இழுத்தால் டேபிளும் சேர்ந்து இறங்கிவிடும், ஜாக்கிரதை. இதேபோல் ஈ2 செல்லில் டி2க்கு ஒரு பார்முலா. இரண்டையும் பில் ஹேண்டிலைப் பிடித்துக் கீழே இழுத்துவிடவும்.

சி காலத்தைக் கூட்டினால் 20+20+9+3+1, அதாவது 53%. இதை 53 சதவீத வாய்ப்பு என்று படிக்கக்கூடாது. ஐந்து ஆண்டு வாய்ப்புகளைக் கூட்டினால் வருவது எதிர்பார்க்கத்தக்க கோப்பைகளின் எண்ணிக்கை. ஆகவே 0.53 கோப்பை என்று படிக்கவும். ஈ காலம் 0+1+1+1+1. அதாவது 0.04 கோப்பை.

0.53 எங்கே, 0.04 எங்கே! பதின்மூன்று மடங்கு. "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்டா, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்றேன். அவன் கிளிப்பர்ஸ் ரசிகன். சந்தோஷமாகப் போனான். அதை நம்பி நண்பர்களிடமெல்லாம் வாதாடியிருக்கிறான் என்று பின்னால் தெரிந்தது.

பிறகு நடந்தது

2020ல் கிளிப்பர்ஸ் இரண்டாவது சுற்றில் டென்வருக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்து தோற்றது. 2021ல் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது. ஆனால் அதற்கு முந்தைய சுற்றிலேயே லெனார்ட்டின் முழங்கால் போய்விட்டது. 2021-22 சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. ஜார்ஜ் ஆடியது 31 ஆட்டங்கள். அணி 42 வெற்றியோடு பிளேஆப்புக்கு வெளியே நின்றது. 2024ல் ஜார்ஜ் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். கோப்பை ஒன்றுகூட இல்லை.

தண்டர் பக்கம்? முதலில் பாதாளம். 2020-21ல் 22 வெற்றி, அடுத்த சீசனில் 24. பிறகு 40, 57, 68. 2025 ஜூனில் இந்தியானாவை ஏழாவது ஆட்டத்தில் வென்று கோப்பை. அந்த சீசனின் எம்விபியும் இறுதிச் சுற்றின் எம்விபியும் ஒருவரே. நம் ஷேய்தான். அணியின் இரண்டாவது பெரிய ஆட்டக்காரர் ஜேலன் வில்லியம்ஸ், இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தவர். கிளிப்பர்ஸ் 42 வெற்றியோடு நின்றதே, அந்த 2022ம் ஆண்டு பிக்கில் 12வது ஆளாகத் தேர்வு செய்யப்பட்டவர் இவர்!

மறுநாள் மருமகனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "மாமா, 0.04?" அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

முடிவு கெட்டதாக வந்துவிட்டதாலேயே எடுத்தபோது அது தப்பு என்று சொல்ல முடியாது. சீட்டாட்டத்தில் நல்ல கையோடும் தோற்பவர் உண்டு. ஆகவே நான் பார்க்க விரும்பியது வேறு. 2019 ஜூலையில் தெரிந்த விஷயங்களை மட்டும் வைத்து, இன்னும் ஒழுங்காக ஷீட் போட்டிருந்தால் 0.04 வந்திருக்குமா?

முதல் தப்பு: இளைஞனுக்குச் சராசரி

டி காலத்தில் நான் போட்ட எண்கள் எல்லாம் சராசரி. ஷேய் ஒரு நடுத்தர வேகத்தில் வளர்வார் என்று நினைத்து எழுதியவை. ஆனால் எந்த இளம் வீரரும் சராசரியாக வளர்வதில்லை. 2013 டிராப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட அந்தோணி பென்னட் நான்கே சீசனில் என்பிஏவை விட்டுப் போனார். அதே டிராப்டில் 15வதாக வந்த யானிஸ் அன்டெடகும்போ இரண்டு முறை எம்விபி ஆனார். அடுத்த ஆண்டு 41வதாக வந்த நிகோலா யோகிச்சும் எம்விபி ஆனார். இவர்களைக் கூட்டிச் சராசரி போட்டால் அது யாரையும் குறிக்காது.

அதனால் இப்படி மாற்றுவோம். கே2 முதல் கே5 வரை நான்கு நிலைகளை எழுதவும்: சாதாரணம், நல்ல ஆட்டக்காரர், ஆல் ஸ்டார், எம்விபி. எல் காலத்தில் அவற்றுக்கான வாய்ப்பு: 40%, 35%, 17%, 8%. கூட்டினால் 100 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். எம் காலத்தில் அந்த நிலையில் அணி ஜெயிக்கும் ஆட்டங்கள்: 40, 46, 52, 60. என்2 செல்லில்

=விலுக்அப்(எம்2,$எச்$2:$ஐ$7,2)

கொடுத்துக் கீழே இழுக்கவும். 0%, 1%, 3%, 20% வரும்.

இப்போது இரண்டு பார்முலா. எம்7ல்

=சம்ப்ராடக்ட்(எல்2:எல்5,எம்2:எம்5)

சம்ப்ராடக்ட் என்பது இரண்டு காலங்களை வரிக்கு வரி பெருக்கிக் கூட்டித் தரும் பங்ஷன். விடை 45.74. இதுதான் சராசரி வெற்றி. டேபிளில் பார்த்தால் இதற்குக் கோப்பை வாய்ப்பு 1%. என் பழைய ஷீட் சொன்னதும் இதையேதான்.

என்7ல்

=சம்ப்ராடக்ட்(எல்2:எல்5,என்2:என்5)

விடை 2.46%. உங்களுக்கு 2% என்று மட்டும் தெரிந்தால் பார்மட் செல்ஸ் போய் டெசிமல் இடத்தை 2 ஆக்கவும். அதே வீரர், அதே வாய்ப்புகள். வெற்றியைச் சராசரி எடுத்துவிட்டு டேபிளைப் பார்த்தால் 1. டேபிளைப் பார்த்துவிட்டுச் சராசரி எடுத்தால் இரண்டரை. எதை முதலில் செய்கிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

காரணம் அந்த வளைவு. 2.46ல் 1.6, எட்டு சதவீத வாய்ப்பே உள்ள எம்விபி வரியிலிருந்து வருகிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு! இளம் வீரரின் மதிப்பு அவர் பெரும்பாலும் என்ன ஆவார் என்பதில் இல்லை, அபூர்வமாக என்ன ஆகக்கூடும் என்பதில் இருக்கிறது. நான் சராசரி எடுத்தபோது அந்த அபூர்வத்தைத்தான் அழித்துவிட்டேன்.

இன்னொன்று. நான் ஐந்து வருடத்தோடு ஷீட்டை நிறுத்தியிருந்தேன். 29 வயது வீரருக்கு அது போதும். 21 வயதுப் பையனுக்கு ஐந்து வருடம் என்பது சோறு வேகும் நேரத்தில் அடுப்பை அணைப்பது போல. எனவே ஏ காலத்தைப் பத்து வருடம் வரை, ஏ11 வரை நீட்டவும். பி7 முதல் பி11 வரை 40 போடவும். நட்சத்திரங்கள் போனபின் அங்கே வாய்ப்பு பூஜ்யம். ஈ காலத்தில் பழைய பார்முலாக்களை டெலீட் செய்துவிட்டு, ஈ2, ஈ3 இரண்டிலும் 0, ஈ4 முதல் கீழே =$என்$7 கொடுக்கவும். முதல் இரண்டு வருடம் பையன் கற்றுக்கொள்ளட்டும்.

எட்டு வருடம் பெருக்கல் 2.46, சுமார் 0.20 கோப்பை. 0.04 ஆக இருந்தது ஐந்து மடங்காகிவிட்டது.

ஐந்து பிக்குகள்

கொடுத்த பிக்குகளை நான் பழைய ஷீட்டில் சேர்க்கவே இல்லை. முன்பின் தெரியாத ஐந்து பையன்களுக்கு என்ன மதிப்பு போடுவது என்று விட்டுவிட்டேன். முகம் தெரியாததற்குப் பூஜ்யம் போடும் பழக்கம் எனக்கு மட்டும்தானா என்று தெரியவில்லை.

ஒரு பிக்கிலிருந்து எம்விபி தரத்தில் ஒருவர் வர 3% வாய்ப்பு என்று வைப்போம். ஷேயோ, ஐந்து பிக்கில் ஒருவரோ, யாராவது ஒருவர் அப்படி வரும் வாய்ப்பு என்ன? இங்கே கூட்டக்கூடாது. ஒருவரும் வராமல் போகும் வாய்ப்பைக் கண்டுபிடித்து 1லிருந்து கழிக்க வேண்டும்.

=1-(1-எல்5)*(1-3%)^5

விடை சுமார் 21%. இதை எம்விபி அணியின் கோப்பை வாய்ப்பான 20 சதவீதத்தால் பெருக்கினால் வருடத்துக்கு 4.2%. பிக்குகள் 2021லிருந்து 2026 வரை சிதறிக் கிடப்பவை. எனவே ஆறாம் வருடத்திலிருந்து மட்டும், ஈ7 முதல் ஈ11 வரை, இந்த 4.2ஐப் போடுவோம். ஆல் ஸ்டார் வரிகளை இதில் விட்டுவிட்டேன், கணக்கு எளிதாக இருக்கட்டும். பிக் மாற்றும் உரிமைகளையும் சேர்க்கவில்லை. ஈ12ல் கூட்டல் போட்டால் 28.4%, அதாவது 0.28 கோப்பை.

இரண்டாவது தப்பு: நட்சத்திரத்துக்கு உச்சம்

இதுதான் எனக்கே வெட்கமாக இருந்த இடம். இளைஞனுக்குச் சராசரி போட்ட நான், நட்சத்திரங்களுக்கு என்ன போட்டிருக்கிறேன்? 60, 60, 55. இருவரும் முழு உடல்நலத்தோடு ஆடினால் மட்டுமே வரும் எண்கள். ஒரு பக்கம் சராசரி, மறுபக்கம் உச்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறேன்.

2019 ஜூலையிலேயே எல்லாம் தெரியும். லெனார்ட் 2017-18 சீசனில் ஆடியது 9 ஆட்டம்தான். டொரான்டோவிலும் ஓய்வு கொடுத்துக் கொடுத்து 60 ஆட்டங்கள் ஆட வைத்தார்கள். ஜார்ஜ் 2014ல் கால் எலும்பு முறிந்தவர். 2019 கோடையில் தோள்பட்டை ஆபரேஷன் முடித்தவர். செய்தித்தாள் படித்த யாருக்கும் தெரிந்த விஷயங்கள்.

எனவே ஆர்1 செல்லில் 50% என்று டைப் செய்யவும். பிளேஆப் நேரத்தில் இருவரும் சரியாக இருக்கும் வாய்ப்பு அது. ஒருவர் படுத்துவிட்டால் பத்து ஆட்டம் குறையும் என்று வைத்து சி2ஐ இப்படி மாற்றவும்.

=$ஆர்$1*விலுக்அப்(பி2,$எச்$2:$ஐ$7,2)+(1-$ஆர்$1)*விலுக்அப்(பி2-10,$எச்$2:$ஐ$7,2)

சி11 வரை இழுத்து, சி12ல் கூட்டவும். வருடங்கள் முறையே 11.5, 11.5, 5, 1.5, 0.5. மொத்தம் 30%. அதாவது 0.30 கோப்பை.

0.53க்கு 0.04 என்று இருந்த ஷீட் இப்போது 0.30க்கு 0.28 என்கிறது! கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்ன விஷயம், கண்ணைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய சரிசமம். இதற்கு 2019க்குப் பிறகு நடந்த ஒன்றையும் நான் பயன்படுத்தவில்லை.

கோல் சீக்

சரிசமமாக இருக்கும்போது எந்த ஒரு எண் முடிவைப் புரட்டுகிறது என்று கேட்க வேண்டும். அதற்கென்றே எக்ஸெல்லில் கோல் சீக் இருக்கிறது. பலர் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். சி13ல் =சி12-ஈ12 கொடுக்கவும். பிறகு டேட்டா மெனுவில் வாட்-இப் அனாலிசிஸ், அதில் கோல் சீக். லிப்ரே ஆபீஸ் என்றால் டூல்ஸ் மெனுவில் இருக்கும். வரும் டயலாக் பாக்ஸில் செட் செல் என்ற இடத்தில் சி13, டு வேல்யூ 0, பை சேஞ்சிங் செல் ஆர்1. ஓகே கொடுங்கள்.

ஆர்1 செல் தானாக மாறி சுமார் 46.5% என்று நிற்கும். அதாவது என் மதிப்பீடுகளின்படி, லெனார்ட்டும் ஜார்ஜும் 46.5 சதவீதத்துக்கு மேல் ஒன்றாக ஆரோக்கியமாக இருப்பார்கள் என்று நம்பினால் வாங்கலாம், இல்லையென்றால் கூடாது. பெரிய வாதம் எல்லாம் சுருங்கி ஒரு டாக்டரிடம் கேட்கக்கூடிய கேள்வியாகிவிட்டது. நடந்தது என்னவென்றால், அவர்கள் சேர்ந்திருந்த ஐந்து சீசனில் 2020ல் மட்டும்தான் பிளேஆப் முழுவதும் இருவரும் ஆடினார்கள். 2023ல் ஜார்ஜ் இல்லை, லெனார்ட் இரண்டு ஆட்டம். 2024ல் லெனார்ட் மறுபடியும் இரண்டே ஆட்டம்.

ஆர்1ஐ மறுபடி 50% ஆக்கிவிட்டு இன்னொரு செல்லையும் தொட்டுப் பாருங்கள். ஷேயின் எம்விபி வாய்ப்பை 8லிருந்து 12 ஆக்கி, சாதாரணத்தை 36 ஆக்கினால் ஈ12 0.34 ஆகி முந்திவிடும்.

இங்கே என் சொந்த அபிப்பிராயம். பிக்குகள் இல்லாமல் ஷேயை மட்டும் கொடுத்திருந்தால் கணக்கு 0.30க்கு 0.20. அது நல்ல வியாபாரம், நானே கையெழுத்துப் போடுவேன். ஷேயையும் கொடுத்து ஐந்து பிக்கையும் கொடுத்ததுதான் லாபத்தை முழுவதும் தின்றுவிட்டது. ஷேயைக் கொடுத்ததற்காகத்தான் எல்லோரும் கிளிப்பர்ஸைத் திட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பிக்குகள்தான் உறுத்துகின்றன.

இன்றா, நாளையா?

மருமகன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "ஒன்பதாவது வருஷம் வர்ற கோப்பையும் முதல் வருஷம் வர்ற கோப்பையும் ஒண்ணா மாமா?" ஒன்றில்லைதான். அதுவரை அதே கோச், அதே மேனேஜர் வேலையில் இருப்பார்களா? ரசிகர்களே இருப்பார்களா? இதற்கு ஒவ்வொரு வருடத்துக்கும் பத்து சதவீதம் கழிப்போம். எப்2ல் =சி2*0.9^(ஏ2-1), ஜி2ல் =ஈ2*0.9^(ஏ2-1) கொடுத்து இழுத்துக் கூட்டவும். வாங்கினால் 0.27, வாங்காவிட்டால் 0.16. பழையபடி வாங்கும் பக்கம் சாய்ந்துவிட்டது. இளம் வீரர்களின் கோப்பை தூரத்தில் இருப்பதால் கழிவு அவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. தண்டர் ரசிகர்கள் 22 வெற்றி, 24 வெற்றி என்று இரண்டு சீசன் உட்கார்ந்திருந்தார்களே, அந்தப் பொறுமைக்கு ஷீட்டில் எண் போட்டால் இதுதான். பொறுமை உள்ள ஊரில் 0.9க்குப் பதில் 0.98 போட்டுக்கொள்ளலாம்.

மற்ற அணிகள்

இதே எச், ஐ டேபிளை வைத்துப் பழைய வியாபாரங்களையும் பார்க்கலாம். 2007ல் பாஸ்டன் அணி அல் ஜெபர்சன் என்ற 22 வயது வீரரையும் இன்னும் பலரையும் பிக்குகளையும் கொடுத்து கெவின் கார்னெட்டை வாங்கியது. பால் பியர்ஸ் ஏற்கெனவே இருந்தார். ரே ஆலனைச் சில வாரம் முன்பு வாங்கியிருந்தார்கள். 24 வெற்றி 66 ஆனது, 2008ல் கோப்பை. டேபிளின் செங்குத்தான பகுதியை ஒரே தாவலில் தாண்டியதால் பலித்தது. 30 வெற்றி பெறும் அணி ஒரு நட்சத்திரத்தை வாங்கி 40 ஆனால் என்ன ஆகும்? டேபிளைப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்கு.

2013ல் அதே பாஸ்டன், வயதான கார்னெட்டையும் (37) பியர்ஸையும் (35) புரூக்ளின் நெட்ஸிடம் விற்றது. நெட்ஸ் கொடுத்தது 2014, 2016, 2018 பிக்குகள், 2017ல் மாற்றும் உரிமை. நட்சத்திரங்கள் தேய்ந்ததும் நெட்ஸ் 2015-16ல் 21, அடுத்த சீசனில் 20 வெற்றி என்று விழுந்தது. விழ விழ பிக் முன்வரிசைக்குப் போனது. அது போய்ச் சேர்ந்ததோ பாஸ்டனுக்கு. ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம் இருவரும் அந்த வழியாக வந்தவர்கள்தான். 2024ல் பாஸ்டன் கோப்பை எடுத்தது.

இது வெறும் துரதிர்ஷ்டம் இல்லை. நட்சத்திரம் படுப்பதும், கொடுத்த பிக் விலை ஏறுவதும் ஒரே சம்பவம். கிளிப்பர்ஸின் 2022 பிக்கும் இப்படித்தான். ஷீட்டில் இதைக் காட்ட ஒரே ராண்ட் செல்லை இரண்டு இடத்தில் பயன்படுத்த வேண்டும். ஏ2ல் =ராண்ட்(), பி2ல் =இப்(ஏ2<0.5,20%,3%), சி2ல் =இப்(ஏ2<0.5,1%,5%). பி என்பது அணியின் கோப்பை வாய்ப்பு, சி என்பது பிக்கிலிருந்து எம்விபி வரும் வாய்ப்பு. சராசரி பழைய 3 சதவீதமே. மொத்தம் மாறாது. ஆனால் கெட்ட வருடத்தில் இரண்டு அடியும் சேர்ந்தே விழும். இரண்டுக்கும் தனித்தனி ராண்ட் போட்டால் இது மறைந்துவிடும். மயாமி பிக்குகளுக்கு மட்டும் தனி ராண்ட் போடலாம்.

ஆயிரம் ஷேய்கள்

கடைசியாக ஒரு விளையாட்டு. புது ஷீட்டில் ஈ1 முதல் ஈ4 வரை 0, 0.40, 0.75, 0.92. எப்1 முதல் எப்4 வரை 1, 2, 3, 4. பார்முலா பாருக்கு இடப்பக்கம் உள்ள நேம் பாக்ஸில் ஏ1:ஏ1000 என்று டைப் செய்து என்டர் தட்டினால் ஆயிரம் செல்லும் செலக்ட் ஆகும். அப்படியே =ராண்ட்() டைப் செய்து கன்ட்ரோல் கீயோடு என்டர் தட்டவும். ஆயிரத்திலும் நிரம்பிவிடும். அதேபோல் பி1:பி1000ல் =விலுக்அப்(ஏ1,$ஈ$1:$எப்$4,2). எச்1ல் =கவுண்ட்இப்(பி1:பி1000,4).

ஆயிரம் ஷேய்களில் எத்தனை பேர் எம்விபி ஆனார்கள் என்று எச்1 சொல்லும். எப்9 கீயைத் தட்டத் தட்ட 80ஐச் சுற்றி, பெரும்பாலும் 63க்கும் 97க்கும் நடுவில், மாறிக்கொண்டே இருக்கும். இப்போது கவுண்ட்இப்பை பி1:பி20க்கு மட்டும் போட்டுப் பாருங்கள். பல தடவை பூஜ்யம், சில தடவை மூன்று. ஒரு மேனேஜருக்குத் தன் வேலைக்காலத்தில் கிடைப்பது இந்த இருபதுகூட இல்லை.

மருமகன் இப்போது இந்த பைலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். எல்5ல் நான் போட்ட 8 சதவீதம் குறைவு என்பது அவன் கட்சி. பழைய ஷீட்டின் 0.04 செல்லுக்கு மட்டும் சிவப்புக் கலர் அடித்து எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

ஒரு குறிப்பு. ராண்ட் உள்ள பைலை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எண்கள் மாறிவிடும். உங்களுக்குப் பிடித்த ஓட்டத்தைப் பாதுகாக்க வேண்டுமானால் ஏ காலத்தை காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து அதே இடத்தில் ஒட்டவும். பிறகு சேவ் செய்யவும்.